யாரும் கேட்காத பக்கவிளைவு

"வலி குறைஞ்சா மனசு லேசாகத்தானே செய்யும்?" இதை டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து போனில் பேசிய அக்காவும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொன்னாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மாசக்கணக்கில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் ஒரு நாள் நிமிர்ந்து நடந்தால் முகம் மலரத்தானே செய்யும், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஆகவில்லை. ஏனென்றால் எனக்கு வலி பெரிதாகக் குறையவே இல்லை. சந்தோஷம்தான் வந்தது. அதுவும் வலிக்கு முன்னாலேயே வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. இடுப்பில் ஆரம்பித்து இடது காலின் பெருவிரல் வரைக்கும் மின்சாரம் ஓடுவதுபோல ஒரு வலி. வீக்கத்தைக் குறைக்கும் சாதாரண மாத்திரைகளை என் வயிறு ஏற்காது, பழைய அல்சர் இருக்கிறது. அதனால் டாக்டர் ட்ராமடால் என்ற வலி மருந்தை எழுதினார். ஐம்பது மில்லிகிராம் கேப்ஸ்யூல். டப்பாவின் மேல் ஒரு கட்டம், அதற்குள் எஸ் 5 என்று அச்சடித்திருக்கும். இந்த ஊரில் மருந்துகளுக்கு இப்படித்தான் வகுப்புப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். எண் ஏற ஏறக் கட்டுப்பாடும் ஏறும். கோடீன் என்ற வலி மருந்து கலந்த சில மாத்திரைகள் எஸ் 2. சீட்டே வேண்டாம், பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் சில அம்மாமார்களின் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ அது இருக்கும். எஸ் 5 அப்படிக் கிடைக்காது. டாக்டர் சீட்டு இருந்தால்தான்.

"தூக்கம் வரும், தலை சுத்தும், குமட்டும், மலச்சிக்கல் வரும், வண்டி ஓட்டாதீங்க." டாக்டர் சொன்னது இவ்வளவுதான். வீட்டுக்காரர் அதை அப்படியே நம்பி ரெண்டு நாள் லீவு போட்டார். நான் படுத்த படுக்கையாக இருப்பேன், கஞ்சி வைத்துத் தரலாம் என்பது அவர் கணக்கு.

நான் தூங்கவில்லை. முதல் கேப்ஸ்யூலை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போட்டேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். அடுப்படியில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தவள், மேல் தட்டில் இருந்த மசாலா டப்பாக்களைப் பார்த்தேன். வருஷக்கணக்காகப் பிசுக்கு ஏறி நின்றவை. ஒவ்வொன்றாக இறக்கினேன். கழுவினேன், துடைத்தேன், பெயர் எழுதி ஒட்டினேன். அது முடிந்ததும் துணி அலமாரி. அதுவும் முடிந்து மணி பார்த்தால் ஒன்றரை. உடம்பில் களைப்பே இல்லை. நெஞ்சுக்குள் ஒரு இதமான சூடு. எல்லார் மேலும் ஒரு பிரியம். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தி மகள் மேல்கூட. அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு நீண்ட குரல்செய்தி அனுப்பினேன். காலையில் அவள் பதறிப்போய், "என்னடி ஆச்சு, நல்லாத்தானே இருக்க?" என்று கேட்டாள். பின்னே, கேட்க மாட்டாளா.

வலி எங்கேயும் போகவில்லை. குனிந்தால் அதே இடத்தில் அதே மின்சாரம் ஓடியது. ஆனால் பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப்போல அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்தேன். இந்த வகை மருந்துகளைப் பற்றி டாக்டர்கள் வெகு காலமாகச் சொல்லிவருவது இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வலியின் அளவைக் குறைப்பதோடு, வலி நம்மைத் தொந்தரவு செய்யும் அந்தத் தன்மையையும் இவை தனியாக மழுக்கும். "வலிக்குது, ஆனா பரவாயில்லை" என்று நோயாளி சொல்வாராம். நான் சொன்னதும் அதேதான். அந்தப் "பரவாயில்லை" என்பதற்குள் இத்தனை உற்சாகம் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் புரியாமல் இருந்தது.

ரெண்டாம் வாரத்துக்குள் வீடே மாறிவிட்டது. என் மகனுக்கு இது மெட்ரிக் வருஷம், இங்கே பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம். அவனுக்கும் எனக்கும் அதுவரை போனைப் பற்றியும் கணக்குப் பாடத்தைப் பற்றியும் மட்டும்தான் பேச்சு, அந்தப் பேச்சும் சண்டையில்தான் முடியும். இப்போது அவன் அறை வாசலில் நின்று அவன் கேட்கும் பாட்டைக் கேட்டேன், அவன் நண்பர்களுக்கு வடை சுட்டுக் கொடுத்தேன். பிள்ளைகளின் தமிழ் நோட்டுகளில் "மிக அழகு" என்று எழுதினேன். றகரமும் ரகரமும் மாறிப்போன பக்கத்திலும்தான். ஒரு நாள் மகன், "மா, நீங்க இப்பல்லாம் ரொம்ப கூலா இருக்கீங்க" என்றான். சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எரிச்சலாகவும் இருந்தது. பதினேழு வருஷமாக வளர்த்தவளைவிட, ரெண்டு வாரமாக மாத்திரை போடுகிறவளைத்தான் பிள்ளைக்குப் பிடிக்கிறதா?

பகலில் அந்த மருந்துக்கு ஒரு நடை உண்டு. போட்டு ஒரு மணி நேரத்தில் ஏறும், ரெண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போகும், நாலைந்து மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். இறங்கும்போது எனக்கு இடுப்புக்கு முன்னால் மனசுதான் சொல்லும். டிவி சத்தம் கூடுதலாகக் கேட்கும். யாராவது கதவைச் சாத்தினால் திடுக்கென்று இருக்கும். அடுத்த வேளைக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே கண் கடிகாரத்துக்குப் போகும். ஒரு நாள் சாயங்காலம் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வலி கொஞ்சமும் இல்லை. இருந்தும் மனசு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எதற்காகப் பார்க்கிறேன் என்று யோசித்தேன், உடனே யோசிப்பதை நிறுத்தியும்விட்டேன். டாக்டர் சொன்ன அளவுதான், சொன்ன நேரம்தான். கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

ஆடிக் கூழ்

கேள்வி கேட்டது ஆயா. எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கிறார், எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்தவர். ஆயாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், மற்றதெல்லாம் இங்கத்து ஆங்கிலம். ஆனால் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் ஆடி என்றால் வெயிலும் காற்றும். இங்கே ஆடி குளிர்காலத்தில் வருகிறது. விடியற்காலையில் கோயில் பின்கட்டில் விறகடுப்பு மூட்டி அண்டாக்களில் கூழ் காய்ச்சுவார்கள். பெண்கள் சுற்றி நின்று துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிப்பிடித்துவிடும்.

தட்டு பிதுங்கியவள் போகவே கூடாத இடம் அது. நான் போனேன். நாலு மணிக்கே போய் நின்றேன். கேப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டுதான். மற்றவர்கள் முறை வைத்துக் கிண்டினார்கள், நான் யார் கையிலும் துடுப்பைக் கொடுக்கவில்லை. கிண்டினேன், வெங்காயம் அரிந்தேன், தண்ணீர் தூக்கினேன். இடையில் எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பெண்களுக்கு மாரியம்மன் தாலாட்டு ரெண்டு வரி சொல்லிக்கொடுத்தேன். "அக்காவுக்கு இன்னைக்கு அம்மன் அருள் வந்திருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். நான் மறுக்கவில்லை. எனக்கே அப்படித்தான் இருந்தது.

கூழ் வார்த்து முடிந்து பாத்திரம் கழுவப் போகும்போது ஆயா என் முழங்கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. பின்கட்டைத் தாண்டி, வெயில் விழும் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "இங்க பாரு" என்றார். என் தாடையைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணைப் பார்த்தார். கையால் நிழல் காட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு அடுத்த கண். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "என்ன ஆயா, கண்புரையா?" என்றேன்.

"கண்ணு சரியாத்தான் இருக்கு. என்ன மருந்து குடுத்தாங்க உனக்கு?"

சொன்னேன். பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "டாக்டர் எழுதினதுதான் ஆயா, முதுகுக்கு" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "என் பேரனும் முதல்ல நல்ல பிள்ளையாத்தான் ஆனான்" என்றார்.

ஆயாவின் பேரன் கதை தெருவுக்கே தெரியும். ரெண்டாயிரங்களின் நடுவில் இந்தப் பகுதிக்குள் வந்து பல வீடுகளைக் காலி செய்த அந்த மலிவான ஹெராயின் கலவை, இங்கே 'ஷுகர்ஸ்' என்று சொல்வார்கள், அதில் போனவன். திருடினான், வீட்டில் அடித்தான், ஒரு நாள் காணாமல் போனான். எல்லாரும் சொல்லும் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் இருந்த சில மாதங்களைப் பற்றி ஆயா அன்றைக்குத்தான் சொன்னார், நானும் அன்றைக்குத்தான் கேட்டேன். அவன் சிடுசிடுப்பான பையனாம். யாரோடும் பேச மாட்டானாம். திடீரென்று மாறினானாம். கேட்டுக்குப் பெயின்ட் அடித்தான், தாத்தாவுக்கு ஷேவ் பண்ணிவிட்டான், ராத்திரி இவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினான். "நான் அம்மனுக்குத் தேங்காய் உடைச்சேன். என் பிள்ளைய எனக்குத் திருப்பிக் குடுத்தியேன்னு உடைச்சேன்." பிறகுதான் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டாராம். வெளிச்சமே இல்லாத அறையிலும் கண்மணி ஊசிமுனை மாதிரி இருந்தால் என்ன அர்த்தம் என்பதை மறுவாழ்வு மையத்தில் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாராம்.

"உனக்கு அது இல்ல. தெரியுது" என்றார். "ஆனா நீ இப்படிச் சிரிக்கிற ஆள் இல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் சீட்டில் வாங்கிய மாத்திரையையும் தெருமுனையில் விற்பதையும் ஒரே தராசில் வைக்கலாமா? ஆனால் கோபத்தோடு வீட்டுக்கு வந்து யோசித்தபோது, ஆயா அப்படி வைக்கவே இல்லை என்று தோன்றியது. என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் என் சந்தோஷத்தை ரசித்தார்கள். அவர் ஒருவர்தான் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். அருள் என்று சொல்லி அவரும் போயிருக்கலாம்.

ஒரு மாத்திரை, ரெண்டு வேலை

திங்கட்கிழமை மருந்துக்கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் மருந்தாளுநர் சின்னப் பெண்தான், ஆனால் விஷயம் தெரிந்தவள். "இது போட்டா எனக்குத் தூக்கம் வரல, தெம்பு வருது. மனசு ரொம்பச் சந்தோஷமா இருக்கு. இப்படியும் வருமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இதைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது. வயிற்றுப்போக்கு என்று சொல்வது இதைவிடச் சுலபம்.

அவள் ஆச்சரியப்படவில்லை. டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை எடுத்து விரித்து, பொடி எழுத்துக்கு நடுவில் ஒரு வரியை விரலால் காட்டினாள். மனநிலை மாறலாம், பெரும்பாலும் உற்சாகமாக, சில சமயம் சோர்வாக. செயல்வேகமும் மாறலாம், பெரும்பாலும் குறையும், சில சமயம் கூடும். அரிதாக நடப்பவை என்ற தலைப்பின் கீழே இருந்தது. தாளுக்குத் தெரிந்திருக்கிறது! எழுதி, அச்சடித்து, எட்டாக மடித்து உள்ளேயும் வைத்திருக்கிறார்கள். தூக்கம், குமட்டல், மலச்சிக்கல் எல்லாம் டாக்டர் வாய் வரைக்கும் வந்தன. இது மட்டும் வரவில்லை.

பிறகு அவள் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ட்ராமடால் 1962-இல் ஜெர்மனியில் உருவான மருந்து, 1977-இல் அங்கே விற்பனைக்கு வந்தது. மார்ஃபின் குடும்பத்துச் சொந்தம்தான் என்றாலும் தூரத்துச் சொந்தம். அதற்கு ரெண்டு வேலை. நாம் விழுங்கும் மருந்து கல்லீரலுக்குப் போய் வேறொரு பொருளாக மாறுகிறது. அந்த மாறிய பொருள்தான் மூளையில் மார்ஃபின் போய் உட்காரும் அதே ஏற்பிகளில் பலமாக உட்கார்கிறது. இது முதல் வேலை. மாறாமல் இருக்கிற மருந்து, செரடோனின், நார்அட்ரினலின் என்ற ரெண்டு ரசாயனங்களை நரம்புகள் திரும்ப உறிஞ்சிக்கொள்ள விடாமல் தடுக்கிறது. வலிச் செய்தி முதுகுத்தண்டிலேயே அடங்குவதற்கு அது உதவுகிறது. இது ரெண்டாவது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வெண்லாஃபாக்சின் என்ற மாத்திரை செய்கிற வேலையும் ஏறக்குறைய இந்த ரெண்டாவது வேலைதான். ரெண்டு மருந்துக்கும் உருவத்திலேயே ஒற்றுமை உண்டு. "ஆன்ட்டி, ஒரு விதத்துல பார்த்தா உங்களுக்கு ரெண்டு மருந்து கொடுத்திருக்காங்க" என்றாள்.

அக்காவுக்கு மூட்டுவலிக்கு இதே மருந்தைக் கொடுத்தபோது ஒரே நாளில் வாந்தி எடுத்து நிறுத்திவிட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஏன் இப்படி? அதற்கும் கல்லீரலில்தான் பதில் இருக்கிறது. மருந்தை மாற்றித் தரும் அந்த என்சைம், அதற்கு சிஒய்பி2டி6 என்று வாயில் நுழையாத பெயர், ஒருவருக்கு வேகமாக ஓடும், இன்னொருவருக்கு நொண்டும். அது பிறவியில் வருவது. வேகமாக ஓடுகிறவர்களுக்கு மார்ஃபின் பக்கம் தூக்கலாகிவிடும். சில குழந்தைகளுக்கு இதனால் மூச்சே அடங்கிப்போனதால்தான் அமெரிக்காவில் 2017-இல் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்றார்கள். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு வலி சரியாகக் கேட்காது, ஆனால் ரெண்டாவது வேலை நடந்துகொண்டே இருக்கும். வலி குறையாமல் தெம்பு மட்டும் வந்த என் கதைக்கு இது பொருந்துகிற மாதிரிதான் தோன்றுகிறது. சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் இதை என் ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது அவள் என்னிடம் வரிசையாகக் கேட்டாள். மனச்சோர்வுக்கு வேறு மாத்திரை போடுறீங்களா? வலிப்பு வந்திருக்கா? சர்க்கரை இருக்கா? மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரடோனின் அளவுக்கு மீறிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பைத் தூண்டலாம். சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும். எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம். இந்தக் கேள்விகளை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

காமரூனில் ஒரு மரம்

வீட்டுக்கு வந்து இந்த மருந்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒன்று என்னை விடவே இல்லை. 2013-இல் ஒரு ஆராய்ச்சிக் குழு, காமரூன் நாட்டில் நாட்டு வைத்தியத்துக்குப் பயன்படும் ஒரு மரத்தின் வேரில் ட்ராமடால் இருப்பதாக அறிவித்தது. மனிதன் ஆய்வகத்தில் செய்ததை இயற்கை முன்பே செய்து வைத்திருக்கிறது என்று உலகமே ஆச்சரியப்பட்டது. அடுத்த வருஷமே வேறொரு குழு போய்ப் பார்த்தது. நாட்டின் வடக்கே உள்ள மரங்களில் மட்டும்தான் இருந்தது, தெற்கே அதே ஜாதி மரத்தில் இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும்கூட இருந்தது, மனிதனோ மாடோ உடம்புக்குள் போனால் உண்டாகும் துணைப் பொருட்களோடு. விசாரித்தால், வடக்கே விவசாயிகள் உச்சி வெயிலில் களைக்காமல் உழைப்பதற்காக இந்த மாத்திரையைத் தின்கிறார்கள். ஏர் மாட்டுக்கும் கொடுக்கிறார்கள். மாட்டு மூத்திரம் மண்ணில் இறங்கி, மண்ணிலிருந்து வேருக்கு ஏறியிருக்கிறது என்பது அந்த ரெண்டாவது குழுவின் முடிவு.

இதைப் படித்த ராத்திரி எனக்குக் கூழ் அண்டாவும் துடுப்பும்தான் கண்ணுக்கு முன் வந்தன. "அரிதாக" என்று தாளில் ஓரமாகப் போட்டிருக்கும் ஒன்றுக்காகத்தான் ஒரு வட்டாரமே அதை வாங்கித் தின்கிறது. நைஜீரியாவிலும் கானாவிலும் மூட்டை தூக்குகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் இதைத் தெம்புக்காகப் போடுவது அங்கே பெரிய பிரச்சினை. அவர்கள் போடும் அளவு மிக அதிகம். டாக்டர்கள் ஒரு நாளைக்கு நானூறு மில்லிகிராமைத் தாண்ட விடுவதில்லை. என் அளவோ அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் உழைக்கிற உடம்புகளுக்குத் தெரிந்திருந்த விஷயம் என் சீட்டு எழுதியவருக்குத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் மேல் முழுத் தப்பும் இல்லை. எந்த நோயாளி போய், "டாக்டர், இந்த மாத்திரை எனக்கு ரொம்ப சந்தோஷத்தைக் குடுக்குது, என்னன்னு பாருங்க" என்று சொல்வார்? கெட்டது நடந்தால் புகார் சொல்கிறோம். நல்லது நடந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த டப்பா வாங்கிக்கொள்கிறோம். எஸ் 5 மருந்துக்கு ஆறு மாதம் வரைக்கும் ஒரே சீட்டில் வாங்கிக்கொள்ள இடம் உண்டு. ஆறு மாதம் என்பது பழகிப்போக நிறையவே போதும்.

வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காவடி எடுக்கிறவங்களைப் பாரு. அலகு குத்திக்கிட்டு எவ்வளவு தெம்பா ஆடுறாங்க. அதுவும் உடம்புக்குள்ள ஊறுற மருந்துதான்னு சொல்றாங்களே. அதைத் தப்புன்னு சொல்வியா?" என்றார். நல்ல கேள்விதான். நம் மூளை தனக்குத் தானே மார்ஃபின் போன்ற பொருட்களைச் செய்துகொள்கிறது என்பதை ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் 1975-இல் கண்டுபிடித்தார்கள். பன்றி மூளையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். காவடி எடுக்கிறவர் முகத்தில் தெரிவதை அதோடு சேர்த்துக் கணக்கை முடித்துவிட எனக்கு மனசில்லை. விரதம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, உடுக்கைச் சத்தம் இருக்கிறது, அவரவர் வேண்டுதல் இருக்கிறது. ஆனால் ஒன்று. காவடி இறக்கி வைக்கப்படுகிறது. அதற்கென்று ஒரு நாள், ஒரு இடம், இறக்கி வைக்க நாலு பேர். என் மாத்திரைக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏற்றம் மட்டும்தான் குறித்திருந்தது.

நானே நிறுத்தவில்லை. மருந்தாளுநர் பெண் அதைத்தான் முதலில் சொன்னாள்: சட்டென்று விடாதீங்க. மார்ஃபின் வகையை விட்டால் வரும் உடல்வலி, வியர்வை, மூக்கொழுகல் ஒரு பக்கம். மனச்சோர்வு மாத்திரையை விட்டால் வரும் படபடப்பு, கெட்ட கனவு, தலைக்குள் மின்வெட்டு மாதிரி ஒன்று, அது இன்னொரு பக்கம். ரெண்டு வேலை செய்த மருந்து ரெண்டு விதமாகவும் கேட்கும். டாக்டரிடம் போய் மெதுவாகக் குறைத்தோம். இயன்முறைப் பயிற்சியை அதிகமாக்கினோம். இடுப்பு படிப்படியாகத் தேறியது. மனசு அப்படித் தேறவில்லை. கடைசி கேப்ஸ்யூலுக்குப் பிறகு கொஞ்ச காலம் வீடு முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. வலி இல்லை, ஆனால் அடுக்கிய மசாலா டப்பாக்களைப் பார்த்தால் அழுகை வந்தது. மகன் ஒரு நாள் மெல்லக் கேட்டான், "மா, அந்த மருந்தைக் கொஞ்சமா மட்டும் போட முடியாதா?" அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பரீட்சை நெருங்குகிறது, அவனுக்கு அந்த அம்மா வேண்டும். நான் அவனுக்கு ஷுகர்ஸ் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. "அந்த அம்மா ராத்திரி ஒன்றரை மணிக்கு அலமாரி துடைச்சாடா, அவளுக்கும் தூங்கணும்ல" என்றேன். சிரித்தான். அவன் அறை வாசலில் நின்று பாட்டுக் கேட்பதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். சில நாள் அது எனக்குப் பிடிக்கிறது. சில நாள் காது வலிக்கிறது, சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

அது யார், எது நிஜமான நான் என்றெல்லாம் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு உபயோகமாக இல்லை. சித்தி மகளுக்கு அனுப்பிய குரல்செய்தியை மறுபடி போட்டுக் கேட்டேன். அதில் சொன்னது எல்லாம் உண்மைதான், அவளை நினைத்து ஏங்கியது உண்மைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்பத் தைரியம் கொடுத்தது கேப்ஸ்யூல். இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். அந்த உறவைக் கேப்ஸ்யூல் கணக்கில் எழுத நான் தயாராக இல்லை, கேப்ஸ்யூலுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினார். நோயாளி மருந்தை நன்றாக ஏற்றுக்கொண்டார் என்று இருந்தது.

"டாக்டர், இன்னொரு வரி சேருங்க" என்றேன். "என்னன்னு?" என்றார். "இந்த மருந்துல இவங்களுக்கு உற்சாகம் கூடுது, தூக்கம் குறையுது. அடுத்த தடவை கொடுக்கணும்னா கொஞ்ச நாளைக்கு மட்டும், கொடுக்கும்போதே குறைக்கிற தேதியும் சேர்த்து. அப்புறம் வீட்ல யாரையாவது கூப்பிட்டு இவங்க எப்படி இருக்காங்கன்னு கேளுங்க." அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டினார். கொஞ்சம் சுருக்கித்தான் எழுதினார், ஆனால் தேதி என்ற வார்த்தை அதில் இருந்தது.